கருவிப் பலகைக்கு மட்டம் பார்ப்பது எப்படி?

சின்ன விமானம் ஒன்றில் விமானிக்கு முன்னால் இருக்கும் கருவிப் பலகை 1 டிகிரி கோணலாகப் பொருத்தப்பட்டிருந்தால் என்ன ஆகும்? பார்த்த மாத்திரத்தில் ஒன்றும் ஆகாது. ஓடுபாதையில் ஓடும், ஏறும், பறக்கும், பத்திரமாக இறங்கும். ஆனால் அதை ஓட்டுபவர் ஒரு பக்கப் பெடலை எந்நேரமும் லேசாக மிதித்துக்கொண்டே இருப்பார். கால் வலிக்கும் வரை அது அவருக்கே தெரியாது. இரண்டு இறக்கைகளிலிருந்தும் ஒரே சமயத்தில் எரிபொருள் வரும் விமானமானால் ஒரு டேங்க் மற்றதைவிடச் சீக்கிரம் இறங்கும். அனுபவசாலி ஒருவர் வந்து பார்த்து, "ரடர் டேபைக் கொஞ்சம் வளைத்துவிடு, சரியாகிவிடும்" என்பார். ரடர் என்பது பெடலுக்குக் கட்டுப்படும், வாலில் உள்ள செங்குத்துத் திசைமாற்றி; டேப் அதன் ஓரத்தில் இருக்கும் சின்னத் தகடு. வளைப்பார்கள். கோணலான பலகைக்கு ஏற்ப விமானமும் கோணலாகிவிடும்.

ரசமட்டத்தைப் பலகையின் மேல் விளிம்பில் வைத்து, குமிழ் நடுவில் நிற்கும்வரை திருப்பித் திருகாணியை முடுக்கிவிட்டால் இந்த வம்பே வராதே என்று தோன்றும். பெரும்பாலான கோணல்கள் இந்த எண்ணத்தில்தான் பிறக்கின்றன.

எதற்கு மட்டம்?

சாய்ந்த தரையில் நிற்கும் ஓர் அலமாரியை நினைத்துக்கொள்ளுங்கள். அதன் உள்தட்டில் ரசமட்டம் வைத்துத் தட்டைச் சரியாக மட்டமாக்கிவிட்டீர்கள். அப்புறம் அலமாரியின் காலுக்குக் கட்டை கொடுத்து நிமிர்த்துகிறீர்கள். இப்போது அலமாரி நேர், தட்டு கோணல். ரசமட்டம் பொய் சொல்லவில்லை. அதற்குத் தெரிந்தது பூமியின் ஈர்ப்பு விசை மட்டுமே. அலமாரி எப்படி நிற்கிறது என்பது அதற்குத் தெரியாது.

விமானமும் அப்படித்தான். பலகை மட்டமாக இருக்க வேண்டியது தரைக்கு அல்ல, விமானத்தின் சொந்த அச்சுகளுக்கு. இறக்கைகள் இரண்டும் சம உயரத்தில் இருக்கும்போது பலகையும் சமமாக இருக்க வேண்டும். ஆனால் விமானத்தின் அச்சுகள் கண்ணுக்குத் தெரியாத கோடுகள். அவற்றின் மேல் ரசமட்டத்தை வைக்க முடியாது. அதனால் ஒரு சுற்றுவழி. முதலில் விமானத்தையே பூமிக்கு மட்டமாக நிறுத்துகிறோம். அந்த நிமிடத்திலிருந்து பூமியின் மட்டமும் விமானத்தின் மட்டமும் ஒன்றாகிவிடுகின்றன. அதன் பிறகு ரசமட்டம் சொல்வதைப் பலகைக்கும் நம்பலாம். வேலையின் முக்கால் பங்கு பலகையைத் தொடுவதற்கு முன்பே முடிந்துவிடும்.

லைட் ஸ்போர்ட் விமானங்களில் இந்தப் பேச்சு அதிகம் அடிபடுவதற்குக் காரணம் உண்டு. இது அமெரிக்க விமானத்துறை 2004இல் உருவாக்கிய வகை. அதிகபட்சம் இரண்டு இருக்கை, நிலத்தில் இறங்கும் விமானமானால் புறப்படும்போது மொத்த எடை 600 கிலோவுக்குள், சமமாகப் பறக்கையில் உச்ச வேகம் 120 நாட் (மணிக்கு 120 கடல் மைல்) என்று அப்போது எல்லை வகுத்தார்கள். 2025இல் வந்த புதிய விதிகள் அந்த எடை வரம்பை எடுத்துவிட்டன. ஆனாலும் பேர் சொன்னதும் எல்லோர் மனதிலும் வருவது அந்தச் சின்ன இரட்டை இருக்கை விமானம்தான். இவற்றில் பல, பாகங்கள் அடங்கிய கிட்டாக வாங்கி வீட்டுக் கொட்டகையில் கட்டப்படுபவை. பலகை என்பது ஒன்றரை, இரண்டு மில்லிமீட்டர் தடிப்புள்ள அலுமினியத் தகடு. பெரும்பாலும் உரிமையாளரே வெட்டியது. புதிய மின்னணுக் கருவித் திரை ஒன்று சந்தைக்கு வந்தால் பழைய தகட்டைக் கழற்றிப் போட்டுவிட்டுப் புதிதாக ஒன்று வெட்டுவார்கள். ஒவ்வொரு முறையும் கோணலுக்கு ஒரு வாய்ப்பு.

தொழிற்சாலையிலேயே முழுதாகக் கட்டி விற்கப்பட்ட விமானமென்றால் கதை வேறு. அமெரிக்க விதிப்படி அதில் மாற்றம் செய்யப் பொதுவாகத் தயாரிப்பாளரின் எழுத்துப்பூர்வமான சம்மதம் வேண்டும். திருப்புளியை எடுப்பதற்கு முன் அந்தக் காகிதம் கையில் இருக்கட்டும்.

எந்தக் கருவிக்கு வலிக்கும்?

பலகையில் உள்ள எல்லாக் கருவிக்கும் கோணல் பிரச்சினை இல்லை. வேகமானி காற்றழுத்த வேறுபாட்டை அளக்கிறது. அதைத் தலைகீழாகப் பொருத்தினாலும் எண்ணைத் தலைகீழாகக் காட்டுமே தவிர தப்பாகக் காட்டாது. உயரமானி, எஞ்சின் வெப்பமானி, எண்ணெய் அழுத்தமானி, ரேடியோ இவற்றுக்கும் கவலை இல்லை. கண்ணுக்கு அசிங்கமாக இருக்கும், அவ்வளவுதான்.

ஈர்ப்பு எந்தப் பக்கம் என்று உணர்ந்து வேலை செய்யும் கருவிகளுக்குத்தான் பாதிப்பு. அவற்றில் முதலாவது பந்து. வளைந்த கண்ணாடிக் குழாய், உள்ளே திரவம், அதில் உருளும் ஒரு கரிய பந்து. விமானம் பக்கவாட்டில் வழுக்குகிறதா என்று காட்டும் கருவி. இதில் பாட்டரியும் இல்லை, பழுதாக ஒன்றுமில்லை. ஆனால் குழாய் கோணலாக இருந்தால் பந்து பள்ளமான பக்கத்துக்குப் போய் உட்கார்ந்துகொள்ளும்.

இரண்டாவது, செயற்கைத் தொடுவானம்; விமானம் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது, மூக்கு உயர்ந்திருக்கிறதா என்று காட்டும் கருவி. பழைய சுழல்சக்கர வகையாக இருந்தாலும், சாய்வை அறியும் உணரி உள்ளேயே இருக்கும் மின்னணுத் திரையாக (டைனான், கார்மின் போன்ற நிறுவனங்கள் இத்தகைய திரைகளைச் செய்கின்றன) இருந்தாலும் இது கோணலைத் தன்னுடையதாக எடுத்துக்கொள்ளும். மூன்றாவது காந்தத் திசைகாட்டி. அதுவும் அதனுடைய மின்னணு வாரிசான மேக்னடோமீட்டரும் தங்கள் தளம் நேராக இருக்கிறது என்று நம்பித்தான் வடக்கைச் சொல்கின்றன.

ஒத்துப்பேசும் பொய்

1 டிகிரி என்றால் எவ்வளவு? 1 மீட்டர் நீளத்துக்கு ஒரு முனை 17.5 மில்லிமீட்டர் தாழ்ந்தால் 1 டிகிரி. 79 மில்லிமீட்டர் அகலமுள்ள வழக்கமான வட்டக் கருவி ஒன்றில் அது 1.4 மில்லிமீட்டர் வித்தியாசம்தான். கண்ணால் பார்த்துப் பிடிக்கவே முடியாது.

சரி, அந்த 1 டிகிரி பறக்கும்போது என்ன செய்கிறது? விமானியின் பார்வையில் பலகையின் வலப்பக்கம் 1 டிகிரி தாழ்ந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். தொடுவானத்தைக் கணக்கிடும் உணரியும் அதே பலகையில், அதே திரைக்குள் இருக்கிறது. விமானம் இறக்கை சமமாகப் பறந்தாலும் திரை "வலப்பக்கம் 1 டிகிரி சாய்ந்திருக்கிறோம்" என்கிறது. விமானி ஸ்டிக்கை இடப்பக்கம் தள்ளித் திரையைப் பூஜ்யமாக்குகிறார். உண்மையில் இப்போது விமானம் இடப்பக்கம் 1 டிகிரி சாய்ந்துவிட்டது. 100 நாட் வேகத்தில் 1 டிகிரிச் சாய்வு விமானத்தை நிமிடத்துக்குச் சுமார் 11 டிகிரி திருப்பும். 5 நிமிடம் கவனிக்காமல் விட்டால் 55 டிகிரிக்கு மேல்.

திருப்பம்தான் தெரிகிறதே, விமானி சுதாரித்துக்கொள்ள மாட்டாரா? சுதாரிப்பார், அங்கேதான் சங்கடம். திசை இடப்பக்கம் நகர்வதைப் பார்த்து வலது பெடலை லேசாக மிதிப்பார். பந்தும் அதையேதான் சொல்கிறது; அது இருப்பது அதே கோணல் பலகையில், வலப்பக்கம் ஒதுங்கி நிற்கிறது. பந்து எந்தப் பக்கமோ அந்தப் பக்கப் பெடலை மிதி என்பது முதல் வாரத்திலேயே சொல்லித் தரப்படும் பாடம். வலது பெடலை மிதித்ததும் திருப்பம் நிற்கிறது, பந்து நடுவுக்கு வருகிறது, திரையில் தொடுவானம் நேராக நிற்கிறது, திசை அசையாமல் இருக்கிறது. நான்கு சாட்சிகள், நான்கும் ஒரே வாக்குமூலம். விமானமோ இடது இறக்கையை 1 டிகிரி தாழ்த்தி, ஓரமாக வழுக்கிக்கொண்டே போகிறது.

ஒரே ஒரு கருவி கோணலாக இருந்தால் மற்றவை அதைக் காட்டிக்கொடுக்கும். பலகை முழுவதும் கோணலாக இருந்தால் எல்லாம் சேர்ந்து ஒரே பொய்யைச் சொல்லும். வெளியே தெரியும் நிஜத் தொடுவானம் மட்டும்தான் கூட்டுச் சேராத சாட்சி. ஆனால் விமானி மூக்குப் பகுதியின் நடுக்கோட்டில் உட்காருவதில்லை. அருகருகே இருக்கை கொண்ட விமானத்தில் இடப்பக்கம் உட்கார்ந்து பார்த்தால் எஞ்சினை மூடும் வளைந்த கவுலிங்கின் விளிம்பே சாய்வாகத் தெரியும். அதனால் 1 டிகிரி எளிதில் ஒளிந்துகொள்ளும்.

விமானத்தை மட்டமாக நிறுத்துதல்

பொறுமை வேண்டியது இங்கேதான்.

தரையில் நிற்கும் விமானம் பறக்கும் நிலையில் நிற்பதில்லை. வால் சக்கரம் கொண்டதென்றால் மூக்கைத் தூக்கிக்கொண்டு நிற்கும். மூக்குச் சக்கரம் கொண்டதும் நேராக நிற்கும் என்று சொல்ல முடியாது. மூக்குக் காலின் உயரம், டயரின் காற்று, ஒரு பக்க டேங்கில் மட்டும் இருக்கும் எரிபொருள் எல்லாம் சேர்ந்து ஒரு சாய்வைக் கொடுத்திருக்கும். கொட்டகைத் தரையும் மழைநீர் வழிந்தோடச் சரிவாகவே போடப்பட்டிருக்கும்.

எனவே முதல் கேள்வி: இந்த விமானத்துக்கு மட்டம் என்பது எது? இதை ஊகிக்கக் கூடாது. பராமரிப்புக் கையேட்டிலோ எடை, சமநிலை பற்றிய பகுதியிலோ தயாரிப்பாளர் எழுதியிருப்பார். சிலவற்றில் காக்பிட்டின் ஓரமாக நீளவாக்கில் ஓடும் சட்டமான லாஞ்சரானின் மேல்பக்கம், சிலவற்றில் கதவின் கீழ்ச்சட்டம், சிலவற்றில் உடற்பகுதியின் பக்கவாட்டில் இருக்கும் இரண்டு திருகாணிகள். பக்கவாட்டு மட்டத்துக்கு இடது லாஞ்சரானிலிருந்து வலது லாஞ்சரானுக்கு ஒரு நேரான சட்டத்தைக் குறுக்கே வைத்துப் பார்ப்பது வழக்கம். சட்டத்தின் இரு முனையும் மூக்கிலிருந்து ஒரே தூரத்தில் இருக்க வேண்டும். ஒன்று முன்னே, ஒன்று பின்னே இருந்தால் முன்பின் சாய்வும் பக்கச் சாய்வும் ஒன்றோடொன்று கலந்துவிடும்.

கருவிகளைப் பற்றி ஒரு வார்த்தை. நல்ல ரசமட்டம் ஒன்று மீட்டருக்கு அரை மில்லிமீட்டர் அளவுக்குத் துல்லியம் தரும், அதாவது 0.03 டிகிரி. இந்த வேலைக்குத் தாராளம். எண்ணில் காட்டும் டிஜிட்டல் மட்டம் வசதியானது, ஆனால் மலிவான பெட்டிகள் 0.2 டிகிரி வரை பிசகும். எதுவானாலும் முதலில் அதையே சோதியுங்கள். ஓரிடத்தில் வைத்துப் படித்துக்கொண்டு, அதே இடத்தில் முனை மாற்றி வைத்துப் படியுங்கள். இரண்டும் ஒத்திருந்தால் மட்டம் நல்லது. ஒத்திராவிட்டால் உண்மை இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. கைப்பேசி மட்டத்தைப் பற்றிக் கேட்பார்கள். அதன் உறை, கேமரா மேடு, விளிம்பின் வளைவு எல்லாம் கணக்கில் சேர்ந்துவிடும். முதற்பார்வைக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

கட்டடக் கொத்தனார்கள் பயன்படுத்தும் டியூப் லெவலுக்கும் இங்கே வேலை உண்டு. ஒளி ஊடுருவும் குழாயில் தண்ணீர் நிரப்பி, இரு முனைகளையும் திறந்து வைத்து இரண்டு இறக்கை நுனிகளிலும் பிடித்தால் தண்ணீர் மட்டம் இரண்டு பக்கமும் ஒன்றாகவே நிற்கும். இறக்கையின் மொத்த நீளம் 9 மீட்டர் என்றால் 0.1 டிகிரிச் சாய்வுகூட இரு நுனிகளுக்கும் இடையில் 16 மில்லிமீட்டர் வித்தியாசமாகத் தெரியும். குழாய்க்குள் காற்றுக்குமிழ் இல்லாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், ஒரு குமிழ் போதும் முழுக் கணக்கையும் கெடுக்க. ஆனால் இதை முதன்மை அளவாக நான் எடுக்க மாட்டேன். கிட் விமானத்தில் இரண்டு இறக்கை நுனிகளும் அச்சுப் பிசகாமல் ஒன்றுபோல் அமைந்திருக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. கையேடு சொல்லும் இடத்தில் மட்டம் பார்த்துவிட்டு, இதைச் சரிபார்க்க வைத்துக்கொள்ளலாம்.

நிறுத்துவதற்கு முன் டயர்களின் காற்றைச் சமப்படுத்துங்கள். இருக்கையில் யாரும் இருக்கக் கூடாது, பையும் கூடாது. விமானத்தைச் சில அடி முன்னும் பின்னும் உருட்டுங்கள். ஸ்பிரிங் போன்ற சக்கரக் கால்கள் ஓரிடத்திலேயே நின்றால் டயரின் உராய்வில் விரியாமல் இறுகிப்போயிருக்கும். உருட்டினால்தான் இயல்பான நிலைக்கு வரும். கதவைச் சாத்துங்கள், காற்று வீசினால் இறக்கை அசைந்துகொண்டே இருக்கும். எல்லாம் ஆனதும் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுங்கள்.

பக்கச் சாய்வை முதலில் சரிசெய்வது எளிது. தாழ்ந்த பக்க டயருக்கு அடியில் பிளைவுட் துண்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாகச் செருகலாம். பின் சக்கரங்களுக்கு இடையே 1.8 மீட்டர் இருந்தால் 3 மில்லிமீட்டர் பலகைத் துண்டு ஒன்று 0.1 டிகிரியை ஈடுகட்டும். மிகச் சிறிய வித்தியாசத்துக்கு உயர்ந்த பக்க டயரில் கொஞ்சம் காற்றை இறக்கினால் போதும். அப்புறம் முன்பின் சாய்வு. மூக்குச் சக்கர விமானத்தில் மூக்கு உயர்ந்திருந்தால் பின் சக்கரங்கள் இரண்டுக்கும் சம உயரக் கட்டை, தாழ்ந்திருந்தால் மூக்குச் சக்கரத்துக்குக் கட்டை. வால் சக்கர விமானத்தில் வாலைத் தூக்கி உறுதியான தாங்கியில் வைத்து, நழுவாமல் கட்ட வேண்டும். வால் உயர உயர எடை முன்னே போகும், தாங்கி சரிந்தால் முட்டுவது புரொப்பெல்லர். கிடைமட்ட வால் சிறகை அழுத்தியோ தூக்கியோ விமானத்தை நகர்த்தாதீர்கள். கையேடு காட்டும் இடத்தில் மட்டும் பிடியுங்கள்.

முன்பின் சாய்வைச் சரிசெய்ததும் பக்கச் சாய்வு மறுபடி கொஞ்சம் விலகியிருக்கும். திரும்ப அதைப் பாருங்கள், திரும்ப இதையும். இரண்டு மூன்று சுற்றில் அடங்கிவிடும். 0.1 டிகிரிக்குள் வந்துவிட்டால் நிறுத்திக்கொள்ளலாம்.

இவ்வளவு தூக்கல் இறக்கல் வேண்டாம் என்றால் ஒரு குறுக்குவழியும் உண்டு. டிஜிட்டல் மட்டத்தை லாஞ்சரான்களின் குறுக்கே போட்ட சட்டத்தில் வைத்துப் பூஜ்யம் அழுத்திவிட்டு, அதே திசையில் பலகையில் வைத்துப் படித்தால் இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் கிடைத்துவிடும். பலகைத் தகட்டுக்கு இதுவே போதும். ஆனால் மின்னணுத் திரைக்குப் பூஜ்யம் சொல்லிக்கொடுக்கும் கட்டத்தில் விமானம் நிஜமாகவே மட்டமாக நிற்க வேண்டியிருக்கும். அந்த வேலையும் இருக்கிறதென்றால் இப்போதே நிறுத்திவிடுவது மேல்.

பலகையை அளப்பது

இப்போதுதான் பலகைக்கு வருகிறோம். மேல் விளிம்பில் மட்டத்தை வைக்காதீர்கள். பலகைக்கு மேல் வெயில் கூச்சத்தை மறைக்கும் கிளேர்ஷீல்டின் வளைவுக்கு ஏற்ப வெட்டப்பட்ட விளிம்பு அது, எதற்கும் இணையாக இருக்கும் என்று சொல்ல முடியாது. கீழ் விளிம்பும் அப்படியே. பொருட்படுத்த வேண்டியது கருவிகள் உட்காரும் துளைகளின் வரிசை. பெரிய திரையின் கீழ்ச்சட்டத்தில் ஒரு சின்ன மட்டத்தை வைக்கலாம், அல்லது தொலைவில் உள்ள இரண்டு ஒரே வகைத் துளைகளின் அடிப்புறத்தில் நேரான சட்டம் வைத்துப் பார்க்கலாம். 600 மில்லிமீட்டர் இடைவெளியில் 1 மில்லிமீட்டர் வித்தியாசம் என்றால் 0.1 டிகிரி.

பக்கச் சாய்வு தவிர இன்னும் இரண்டு உண்டு. பலகையின் மேற்பகுதி முன்னே சாய்ந்திருப்பது பல விமானங்களில் வேண்டுமென்றே செய்த வடிவமைப்பு; விமானியின் கண்ணுக்கு நேராகத் தெரிவதற்காக. அதை நிமிர்த்த முயலாதீர்கள், எத்தனை டிகிரி என்று அளந்து எழுதிக்கொண்டால் போதும். சுழல்சக்கரத் தொடுவானம் வாங்கும்போது இந்த எண் தேவைப்படும். 8 டிகிரி சாய்ந்த பலகைக்கென்றே செய்யப்பட்ட கருவிகள் தனியாகக் கிடைக்கின்றன.

மூன்றாவதைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள். மேலிருந்து பார்த்தால் பலகையின் ஒரு முனை மூக்கை நோக்கி முன்னேயும் மறுமுனை பின்னேயும் இருக்கும் திருகல். இதற்கு ரசமட்டத்தால் பயனில்லை, ஈர்ப்புக்கு இது தெரியாது. வால் பக்கத்தில் நடுக்கோட்டில் ஒரு புள்ளியைக் குறித்து, அங்கிருந்து பலகையின் இரு முனைகளுக்கும் நாடா பிடித்து அளக்க வேண்டும். இரண்டு நீளமும் ஒன்றானால் பலகை நடுக்கோட்டுக்குச் செங்குத்து. நாடா பிடிக்க வழியில்லாவிட்டால், எஞ்சினுக்கும் காக்பிட்டுக்கும் நடுவில் இருக்கும் தடுப்புச் சுவரான ஃபயர்வாலிலிருந்து இரு முனைகளுக்கும் உள்ள தூரத்தைப் பார்க்கலாம், ஃபயர்வாலே நேராக இருக்கும் பட்சத்தில்.

கோணல் தெரிந்துவிட்டது, சரிசெய்வதில் பெரிய ரகசியம் இல்லை. பலகை உட்காரும் பிராக்கெட்டுகளின் அடியில் இடைவெளி நிரப்பும் மெல்லிய ஷிம் தகடு கொடுப்பதுதான் சுத்தமான வழி. துளையை நீள்வட்டமாக அராவிப் பெரிய வாஷர் போடுவதும் உண்டு, ஆனால் துளையின் மையம் தகட்டின் விளிம்பிலிருந்து திருகாணி விட்டத்தைப்போல இரண்டு மடங்காவது தள்ளி இருக்க வேண்டும்; இல்லாவிட்டால் அதிர்வில் அங்கே வெடிப்பு விடும். ரப்பர் தாங்கிகளில் தொங்கும் பலகையானால் முதலில் ரப்பரைப் பாருங்கள். வெயிலிலும் எண்ணெயிலும் கிடந்து ஒரு பக்கம் மட்டும் தொய்ந்திருக்கலாம். அதை மாற்றினாலே கோணல் போய்விடும், அராவ வேண்டிய அவசியமே வராது.

எல்லாக் கருவிகளும் பொருத்திய பிறகு இன்னொரு முறை அளந்துவிடுங்கள். வெறும் தகட்டில் இருந்த மட்டம் கருவிகளின் எடை ஏறியதும் மாறலாம்.

திரைக்குப் பூஜ்யம் சொல்லிக்கொடுப்பது

மின்னணுத் திரை இருந்தால் இந்தப் பாடெல்லாம் எதற்கு, மெனுவுக்குள் போய்ச் சாய்வைத் திருத்திவிட்டால் ஆயிற்றே என்று கேட்பார்கள். பாதி நியாயம். விமானத்தை மட்டமாக நிறுத்தி, மெனுவில் பக்கச் சாய்வையும் முன்பின் சாய்வையும் பூஜ்யமாக்கினால் திரையில் உள்ள தொடுவானமும் திரையிலேயே வரையப்படும் பந்தும் சரியாகிவிடும். பக்கத்தில் தனியாக ஒரு கண்ணாடிக் குழாய்ப் பந்து இருந்தால் அதற்கு மெனு கிடையாது. திருகலையும் இந்தத் திருத்தம் தொடாது. பலகை திருகியிருந்தால் விமானம் மூக்கைத் தூக்கும்போதெல்லாம் அந்தத் தூக்கலில் ஒரு சிறு பங்கு பக்கச் சாய்வாகத் தெரியும். 1 டிகிரித் திருகலும் 10 டிகிரித் தூக்கலும் சேர்ந்தால் பிழை 0.2 டிகிரிக்கும் குறைவுதான். ஆனால் 3, 4 டிகிரித் திருகல் என்றால் ஒதுக்க முடியாது.

உணரி எங்கே இருக்கிறது என்பதையும் பாருங்கள். கார்மின் ஜி5 போன்ற சின்னத் திரைகளில் அது திரைக்குள்ளேயே இருக்கிறது. பலகை எப்படியோ உணரியும் அப்படி. டைனான் ஸ்கைவியூ போன்றவற்றில் உணரிப் பெட்டி உடற்பகுதியில் வேறெங்கோ தனியாக உட்கார்ந்திருக்கும். அங்கே பலகையின் கோணலுக்கும் தொடுவானத்துக்கும் சம்பந்தமே இல்லை, நீங்கள் மட்டம் பார்க்க வேண்டியது அந்தப் பெட்டிக்கு. பெட்டிக்குள்ளோ தனியாகவோ இருக்கும் மேக்னடோமீட்டரும் விமானத்தின் நீளவாக்குக்கு இணையாக இருக்க வேண்டும், இரும்புத் திருகாணிகளிலிருந்து தள்ளியும்.

முன்பின் பூஜ்யத்தைப் பற்றி ஒரு சண்டை எப்போதும் நடக்கும். கையேட்டுப்படி பூஜ்யம் வைத்துவிட்டுப் பறந்தால், சமமாகப் பறக்கும்போது திரை 1 அல்லது 2 டிகிரி மூக்குத் தூக்கலைக் காட்டும். இது பிழை இல்லை. தயாரிப்பாளர் சொன்ன மட்டக்கோடு ஒரு வசதியான கோடு மட்டுமே. விமானம் எந்த வேகத்தில், எந்த எடையோடு பறக்கிறதோ அதைப் பொறுத்து மூக்கின் நிலை மாறும். கண்ணுக்கு அழகாகப் பூஜ்யம் தெரியட்டும் என்று பறக்கும்போதே திருத்திக்கொள்பவர்கள் உண்டு. தனியாகப் பறந்தபோது திருத்தியது இரண்டு பேர் ஏறினால் பொருந்தாது. கையேட்டின் பூஜ்யத்தையே விட்டுவிடுங்கள் என்பது என் கட்சி. பக்கச் சாய்வைக் காற்றில் திருத்துவது மட்டும் வேண்டவே வேண்டாம். ஏன் என்பது மேலே பார்த்த நான்கு சாட்சிகளின் கதையிலேயே இருக்கிறது.

பந்து கோணலா, விமானம் கோணலா?

பறந்து பார்க்கிறீர்கள், பந்து நடுவில் நிற்கவில்லை. காரணம் இரண்டில் ஒன்றாக இருக்கலாம்: குழாய் கோணல், அல்லது விமானமே ஓரமாகப் பறக்கிறது. இரண்டாவதற்கு ரடர் பொருத்தப்பட்ட விதம், ஒரு இறக்கை மற்றதைவிடக் கொஞ்சம் திருகியிருப்பது, புரொப்பெல்லரின் காற்றுச் சுழல் என்று பல காரணங்கள் இருக்கலாம்.

தீர்ப்பு தரையிலேயே கிடைக்கும். விமானம் பக்கவாட்டில் மட்டமாக நிற்கும்போது பந்து சரியாகக் குழாயில் உள்ள இரண்டு கோடுகளுக்கும் நடுவில் இருக்க வேண்டும். இருந்தால் குழாய்மேல் குற்றமில்லை. இல்லாவிட்டால் வேறெதையும் தொடுமுன் அதைச் சரிசெய்யுங்கள். பந்தின் திருகாணித் துளைகளில் கொஞ்சம் அசைய இடம் இருக்கும், லேசாகத் தளர்த்தித் திருப்பினால் போதும்.

காற்றிலும் ஒரு சோதனை உண்டு. அமைதியான காலை நேரத்தில், வெளித் தொடுவானத்தைப் பார்த்து இறக்கைகளைச் சமமாக வைத்து, நேர்த்திசையில் பறந்து பந்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு எஞ்சின் விசையைக் குறைத்து, வேகம் மாறிய பின் மறுபடி பாருங்கள். விசைக்கும் வேகத்துக்கும் ஏற்ப பந்தின் இடம் மாறினால் அது காற்றின் வேலை, ரடர் டேப் பற்றி யோசிக்கலாம். எதை மாற்றினாலும் பந்து அதே அளவு அதே பக்கம் ஒதுங்கி நின்றால் சந்தேகம் குழாய்மேல். மலைச்சரிவோ மேகக் கரையோ தொடுவானத்தைப் போலக் கண்ணை ஏமாற்றும், அதனால் எதிர்த்திசையிலும் ஒருமுறை பறந்து பாருங்கள். எஞ்சின் இல்லாத கிளைடர்களில் ஓரமாக வழுக்குவதைக் காட்டக் கண்ணாடிமேல் ஒட்டும் கம்பளி நூலை இங்கேயும் ஒட்டிப் பார்க்கலாமே என்றால், மூக்கில் புரொப்பெல்லர் சுழலும் விமானத்தில் அதன் காற்று நூலை ஒரு பக்கம் தள்ளிவிடும். எஞ்சின் பின்னால் இருக்கும் வகைக்கு மட்டும் அது நம்பகமானது.

ரடர் டேபை ஏற்கெனவே யாரோ வளைத்திருந்தால் பலகையைச் சரிசெய்த மறுநாள் விமானம் எதிர்ப்பக்கம் இழுக்கும். பலர் இதைப் பார்த்துப் பயந்து பலகையைப் பழையபடி திருப்பிவிடுகிறார்கள். டேபை நேராக்கிவிட்டு மறுபடி பறந்து பார்த்துத்தான் முடிவுக்கு வர வேண்டும்.

திரையையோ உணரிப் பெட்டியையோ கழற்றி மாட்டும்போதும், பலகையின் ரப்பரை மாற்றும்போதும், பலமாகத் தரைதட்டி இறங்கிய பிறகும் இந்த அளவுகளை மீண்டும் எடுக்க வேண்டும். டயர் மாற்றினால் வேண்டாம்; அது விமானத்தைத் தரைக்குச் சாய்க்குமே தவிர, பலகையை விமானத்துக்குச் சாய்க்காது. எடுத்த எண்களைப் பதிவேட்டில் தேதியோடு எழுதும்போது மட்டத்தை எந்த இடத்தில் வைத்து அளந்தீர்கள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.